வண்டிமேட்டின் எண்

அன்றைக்குப் பேரூராட்சி மன்றக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இவர்கள்.

தலைவர். அவர் நாற்காலியின் முதுகில் மட்டும் வெள்ளைத் துண்டு போட்டிருக்கும்.

ஈ.ஓ. அம்மா, அதாவது செயல் அலுவலர். சின்ன வயசு. தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்.

கிளார்க் சேகர். மடியில் தீர்மானப் புத்தகம்.

நாலாம் வார்டு சலீம் பாய். புளி மண்டி வைத்திருப்பவர்.

ஆறாம் வார்டு கோவிந்தன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் வார்டு டீச்சரம்மா. ரிட்டையர் ஆனவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னும் எட்டு உறுப்பினர்கள். அவர்கள் பேர் இங்கே தேவைப்படாது.

இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் வூட்டில் சாவு. ஒருவர் பெங்களூர் போயிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெருப் பெண்கள் பத்து இருபது பேர். முன்னால் பச்சியம்மா. என் வூட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி.

வூட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில், பீடியோடு.

அப்புறம் ஒன்பதாம் வார்டு. நான்.

சேகர் எழுந்து படிக்க ஆரம்பித்தார். மின்விசிறி காகிதத்தைத் தூக்கியது. செல்போனை எடுத்து அதன் மேல் வைத்தார். மறுபடியும் ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றேன். உறுப்பினராகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூட்டத்தில் நான் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா?" என்றார் தலைவர்.

"எனக்குப் புரியலைங்க."

"இன்னும் படிக்கவே இல்லையேம்மா."

சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியேயும் யாரோ சிரித்தார்கள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். மேசையில் பழைய டீ கிளாஸ் வைத்த கறை வட்டமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கும் புரியாது.

உட்கார்ந்திருப்பேன்

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஓட்டு கேட்டுப் போன கதையைச் சொல்லி எழுத வைத்திருந்தேன். அதைப் படித்த ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அஞ்சாவது படித்த நீங்கள் மன்றக் கூட்டத்தில் என்ன செய்வீர்கள் என்று.

உட்கார்ந்திருப்பேன்.

மற்றவர்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்தார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் ஆறு பக்கம் வரும். என் போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியும். கூட்டத்தில் சேகர் அதைப் படிப்பார். கோயிலில் அர்ச்சனை சொல்கிற வேகம். பொருள் எண் ஒன்று, பொருள் எண் இரண்டு. ஒவ்வொன்றின் கடைசியிலும், மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்.

பாதியில் யாராவது "ஆல் பாஸ்" என்பார்கள். எல்லோரும் மேசையைத் தட்டுவோம். அதோடு முடிந்தது. டீ வரும். வடை வரும். கையெழுத்துப் போடுவோம். என் கையெழுத்து நிதானமாகத்தான் வரும். பின்னால் நிற்பவர்கள் காத்திருப்பார்கள்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். என் வார்டில் எந்தக் கம்பத்தில் லைட் எரியவில்லை என்று தெரியும். எந்தக் குழாயில் காற்று மட்டும் வரும் என்று தெரியும். யார் வூட்டுக் கழிவுத் தண்ணி யார் வாசலுக்குப் போகிறது, அதனால் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, அதுவும் தெரியும்.

ஆனால் நான் இடங்களைப் பேர் வைத்துத்தான் அறிவேன். ஆலங்குட்டை. பழைய ரைஸ்மில் முக்கு. கோழிக்காரர் சந்து. வண்டிமேடு.

இந்தப் பேர் ஒன்றும் பேரூராட்சிக் காகிதத்தில் கிடையாது. அங்கே எல்லாமே எண்.

ஒன்பதாம் வார்டு முறை

எங்கள் மன்றத்தில் ஒரு பழக்கம். ஒரு தீர்மானத்துக்கு முன்மொழிய ஒருவர் வேண்டும், வழிமொழிய ஒருவர் வேண்டும். நான் சொல்கிறேன், நீ சொல்கிறாய் என்று முன்னே சண்டை வந்திருக்கிறது. அதனால் தலைவர் முறை வைத்துவிட்டார். ஒரு கூட்டத்துக்கு ஒரு வார்டு. அந்தக் கூட்டத்தில் எத்தனை பொருள் வந்தாலும் முன்மொழிபவர் அந்த வார்டு உறுப்பினர்தான். வழிமொழிபவர் அடுத்த வார்டு. எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணிக்கு முறை வைப்பது மாதிரி.

தை மாதமோ மாசியோ, ஒன்பதாம் வார்டு முறை வந்தது.

சேகர் முந்தின நாளே போன் பண்ணிச் சொன்னார். "அக்கா, நாளைக்கு நீங்கதான் முன்மொழியறீங்க."

"நான் என்னா சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாங்க்கா. வந்தா போதும்."

நல்ல புடவையாக ஒன்று கட்டிக்கொண்டு போனேன். அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு பொருள் படித்தார்கள். பதினேழாவது, குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை. அது எனக்குக் காதில் விழுந்தது. குப்பைக்கு ஒரு கொட்டகை வருகிறது, நல்லதுதானே என்று நினைத்தேன். எந்த இடம் என்று சேகர் படித்தார். புல எண் 214/3.

"ஆல் பாஸ்" என்றார் யாரோ.

நானும் தட்டினேன். என் முறை என்பதால் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

நாற்பத்தொரு தார்ப்பாய்

எங்கள் தெருவில் புளி வேலை. ஆண்கள் லோடு ஏற்றப் போவார்கள். என் வூட்டுக்காரர் தக்காளி லோடுக்குப் பாலக்கோடு போகிறவர். பெண்களுக்குப் புளி.

மண்டியிலிருந்து மூட்டை வரும். முதலில் நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். காய்ந்தால்தான் ஓடு சடசடவென்று உடையும். அப்புறம் நார் உருவி, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சீசன் முடிவதற்குள் விரல் நுனி எல்லாம் கறுத்து வெடித்துவிடும். அந்த விரலோடு மிளகாய் கிள்ள முடியாது. குழந்தைக்குச் சோறு ஊட்டினால் குழந்தை முகத்தைச் சுளிக்கும். சோறு புளிக்கும்.

நானும் பதினெட்டு வருஷம் தட்டினேன். கவுன்சிலரான பிறகு கூட்டம், ஆபீஸ் என்று அலைந்ததில் விட்டுப்போனது. விரல் நன்றாகிவிட்டது. அதைப் பார்த்து பச்சியம்மா ஒரு நாள் சொன்னாள். "கை நல்லா வெளுத்துப் போச்சு. கவுன்சிலர் கை."

காயப் போடுவதற்கு எங்களுக்கு இருப்பது வண்டிமேடு ஒன்றுதான். தெருக்கோடியில் மேடான இடம். பாறை மாதிரித் தரை. தூசி கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நிழல் விழாது. யாருடைய பட்டாவும் இல்லை. முன்னே சந்தைக்கு வரும் மாட்டு வண்டிகளை அங்கே அவிழ்த்து விடுவார்களாம். அந்தப் பேர் நின்றுவிட்டது.

வூட்டுக்கு ஒரு தார்ப்பாய். யாருக்கு எந்த இடம் என்று எழுதி வைத்ததில்லை. ஆனால் மாறினால் சண்டை வரும். நாற்பத்தொரு வூடு, நாற்பத்தொரு தார்ப்பாய். நீலம், மஞ்சள், கிழிந்த பேனர் துணி. பழைய தேர்தல் பேனர் ஒன்றில் என் முகமும் இருந்தது. அதன் மேலும் புளிதான்.

மஞ்சள் வண்டி

ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்தது.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். யாரோ ஓடி வந்து சொன்னார்கள். ஈரக் கையோடு போனேன். அதற்குள் அது ஒரு மூலையைச் சுரண்டியிருந்தது. மூலையில் இருந்தது பச்சியம்மாவின் தார்ப்பாய். புளியும் மண்ணும் கலந்து ஒரு குவியலாகக் கிடந்தது. டிரைவர் இறங்கித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கெட்டவன் இல்லை. தார்ப்பாயை அவனே இழுத்து எடுத்துக் கொடுத்தான்.

நான் கத்தினேன். யாரைக் கேட்டு வந்தீர்கள், யார் சொன்னது, எங்கே ஆர்டர் என்று. என் தெருவுக்காக நான் கத்தினேன். பெண்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். அந்த நிமிஷம் மட்டும் நான் ஒரு கவுன்சிலர் மாதிரி இருந்தேன்.

கான்ட்ராக்டரின் மேஸ்திரி பைக்கிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். என்னிடம்தான் நீட்டினார். நான் வாங்கவில்லை. பக்கத்து வூட்டு மருமகள் கல்பனா வாங்கினாள். பிளஸ் டூ படித்தவள். சத்தமாகப் படித்தாள்.

புல எண் 214/3இல் கொட்டகை கட்ட மன்றம் அனுமதிக்கிறது. முன்மொழிந்தவர், மாதம்மாள், 9வது வார்டு உறுப்பினர்.

படித்துவிட்டு அவளே நிறுத்திவிட்டாள். மறுபடியும் மெதுவாக, "மாதம்மாள்னு போட்டிருக்குது" என்றாள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பச்சியம்மா குனிந்து மண்ணிலிருந்து ஒரு புளியை எடுத்து ஊதினாள். "நீயே சொல்லி அனுப்பிட்டு நீயே வந்து ஏன்னு கேக்கறியா, மாது?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"உன் பேரு போட்டிருக்குதே."

"பேரு போட்டிருக்குது. எனக்குத் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"



சாயங்காலம் வரைக்கும் அந்தக் குவியலில் உட்கார்ந்து மண்ணைப் பிரித்தோம். நானும் உட்கார்ந்தேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சலீம் பாய் மண்டியில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். பல்லில் மண் கடிபட்டால் கடைக்காரன் திருப்பி அனுப்புவான் என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

விரல் இரண்டு நாள் எரிந்தது.

கோவிந்தன் காட்டியது

ஈ.ஓ. அம்மாவைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கு அதில் பாதி புரிந்தது.

கொட்டகைக்கு மேலே இருந்து பணம் வந்திருக்கிறது. மார்ச்சுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். ஊருக்குள் அவ்வளவு அகலமான புறம்போக்கு வேறு இல்லை. நிறைவேறின தீர்மானத்தை அவராக மாற்ற முடியாது. மன்றம்தான் மாற்ற வேண்டும். பதினைந்தில் எட்டுப் பேர் ரத்து என்றால் ரத்து.

"நீங்கதானேம்மா முன்மொழிஞ்சீங்க? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"214/3ன்னா வண்டிமேடுன்னு தெரியாதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வண்டிமேடுன்னா எது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து வண்டிமேடு தெரியாது. தண்ணி டேங்க்தான் தெரியும்.

திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுக்கலாம் என்றார் வூட்டுக்காரர். போனோம். வரிசையில் நின்றோம். மனுவை வாங்கிக்கொண்டு, உங்கள் மன்றத்திலேயே பேசுங்கள் என்று எழுதி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது கடத்தூர் பஸ்ஸில் வூட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பலமா தட்டுனியா?"

"ஆமா."



மறுநாள் கோவிந்தன் ஆள் அனுப்பினார், வந்து பார்க்கச் சொல்லி. ஆறாம் வார்டு ஊரின் அந்தக் கோடி. இப்போது ஊர்க் குப்பை முழுக்க அங்கேதான் கொட்டுகிறார்கள், சுடுகாட்டு ரோட்டில். அந்தப் பக்கம் நான் சாவுக்குத்தான் போயிருக்கிறேன். சாவுக்குப் போகிறவர்கள் குப்பையைப் பார்ப்பதில்லை.

புகை இருந்தது. தீ எங்கே என்று தெரியவில்லை, அடியில் எங்கேயோ. இரண்டு பெண்கள் கையுறை போட்டு நாப்கின், பாட்டில் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நிழல் இல்லை. ஒரு சேலையை நாலு குச்சியில் கட்டி அதன் கீழே உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி. பிள்ளைகள் பாட்டுப் பாடுவது கேட்டது. நடுவில் இருமுவதும் கேட்டது.

"உங்களுக்குப் புளி காயணும்," என்றார் கோவிந்தன். "எங்க புள்ளைங்க காயுது. நான் என்னா பண்ணட்டும், சொல்லுங்க."

நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"உங்க மேல கோவம் இல்லக்கா. நீங்க முன்மொழிஞ்சீங்கன்னு எங்க தெருவுல உங்கள நல்லவங்கன்னு சொல்றாங்க."

ஒரு தெருவில் திட்டு, ஒரு தெருவில் பாராட்டு. இரண்டும் ஒரே தட்டுக்கு. வூட்டுக்கு வந்து தண்ணி குடித்தேன். தண்ணியிலும் புகை வாசம் அடித்தது. அது என் மூக்கில் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்குக் குழப்பம். அதுவரைக்கும் எனக்கு ஒன்று தெரியாது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். தெரிந்த பிறகும் தெளியவில்லை.

ஆனாலும் எங்கள் தெரு என்னைத்தான் அனுப்பியிருக்கிறது. டீச்சரம்மா எழுதிக் கொடுத்தார். சிறப்புக் கூட்டம் கேட்டு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கினேன். நானும் போட்டேன், நிதானமாக.

பேர் சொல்லிப் படிங்க

இப்போது அந்த மேசைக்கு வருகிறேன். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"படிங்க," என்றேன் சேகரிடம். "ஆனா நம்பர் மட்டும் படிக்காதீங்க. அது எந்த இடம்னு பேர் சொல்லிப் படிங்க."

"ரெக்கார்டுல பேர் இல்லைங்க்கா."

"அப்ப நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

தலைவர் கையை உயர்த்தினார். "அம்மா, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். உங்களுக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம்."

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போன கூட்டத்துத் தீர்மானத்தை எடுத்தார். "பொருள் எண் ஏழு. புல எண் 88/1இல் ஆழ்துளைக் கிணறு. இது எங்க இருக்கு? யாராவது சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. ஒருவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். ஈ.ஓ. அம்மா புலப்படத்தை விரித்தார். சேகர் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். மூன்றாம் வார்டு உறுப்பினர் எட்டிப் பார்த்தார்.

"இது எங்க வூட்டுக்குப் பின்னாலங்க," என்றார். "எங்க வூட்டுக்குப் பின்னாலயா போர் போடறீங்க?"

"நீங்களும்தான் தட்டுனீங்க," என்றார் சலீம் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒவ்வொருவராகக் காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். பொருள் பன்னிரண்டு எங்கே, பத்தொன்பது எங்கே என்று.

"இப்படி ஒண்ணொண்ணா கேட்டா சாயங்காலம் ஆயிடும்," என்றார் தலைவர்.

"ஆவட்டுமேங்க," என்றார் சலீம் பாய். "டீ ரெண்டு தடவ சொல்லிடுங்க."

கோவிந்தன் கையைப் பிரித்தார். "பாய்க்கு என்னா, புளி காயணும். அதான் மாதக்கா பக்கம் பேசறாரு."

"ஆமாப்பா, காயத்தான் வேணும். ஈரப் புளிய உன் வூட்டுக்கு அனுப்பட்டா? உன் சம்சாரம் ரசம் வெக்கட்டும்."

கோவிந்தனும் சிரித்துவிட்டார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். புகையைச் சொன்னார். அங்கன்வாடியைச் சொன்னார். நாலு குச்சியில் சேலை கட்டியதைச் சொன்னார். எல்லாம் நான் கண்ணால் பார்த்தது. ஜன்னலில் பச்சியம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுத்துப் பேசுவேன் என்று பார்த்தாள்.

"அவர் சொல்றது நெஜங்க," என்றேன். "நானும் பாத்தேன். எங்க தெருவுக்கும் அது ஒண்ணுதான் எடம். ரத்து பண்ணுங்க. வேற எடம் பாருங்க."

"வேற எடம் இல்லைன்னுதானே சொல்றோம்," என்றார் தலைவர். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "சரி. ரத்துன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

நான் தூக்கினேன். சலீம் பாய் தூக்கினார். டீச்சரம்மா தூக்கினார். மூன்றாம் வார்டுக்காரர் தூக்கினார், கிணற்றுக் கோபத்தில். இன்னொருவர் பாதி தூக்கினார். சேகர் அதையும் சேர்த்துக்கொண்டார்.

ஐந்து.

எட்டு வேண்டும்.

எந்தப் பாதி

ஈ.ஓ. அம்மாதான் அடுத்து பேசினார். புலப்படத்தின் மேல் ஸ்கேலை வைத்தார். கொட்டகைக்கு இடம் முழுவதும் தேவைப்படாது என்றார். ரோட்டுப் பக்கம் இவ்வளவு. வண்டி திரும்ப இவ்வளவு. மீதியை உலர்களமாகப் பெண்களுக்கு விட்டுவிடலாம், அதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் யாரும் கேட்க முடியாது.

"காகிதத்துல வந்துருமா?" என்று கேட்டேன்.

"வந்துரும்மா."

"வண்டிமேடுன்னு?"

அவர் சேகரைப் பார்த்தார். சேகர் அடைப்புக்குறிக்குள் எழுதினார். எழுதியதை எனக்குத் திருப்பிக் காட்டினார். வண்டிமேடு. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரியாக இருந்தது.

"இந்த மாசமே வேலை ஆரம்பிக்கணும்," என்றார் கோவிந்தன். தலைவர் தலையாட்டினார்.

"மொதல் தீர்மானம் உங்க பேர்ல இருக்கு," என்றார் தலைவர் என்னிடம். "திருத்தத்தையும் நீங்களே முன்மொழிஞ்சுடுங்க. முறை யாருதுன்னு இப்ப பாக்க வேணாம்."

முன்மொழிந்தேன். இந்தத் தடவை வாயால் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

"ஆல் பாஸ்" என்றார்கள். எல்லோரும் தட்டினார்கள். கோவிந்தன்தான் பலமாகத் தட்டினார். நான் தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டுமோ என்று பிறகு தோன்றியது. நான் கேட்டது கிடைத்ததற்குத் தட்டினார்களா, கிடைக்காததற்கா என்று தெரியவில்லை.

டீ வந்தது. நான் குடிக்காமல் வெளியே வந்தேன்.

பச்சியம்மா ஜன்னலிலிருந்து படிக்குப் பக்கமாக வந்து நின்றாள். "என்னாச்சு?"

"பாதி நமக்கு."

"எந்தப் பாதி?"

நான் புலப்படத்தைப் பார்த்தேன்தான். கோடு பார்த்தேன். அதில் மேடு எது, பள்ளம் எது என்று போட்டிருக்கவில்லை.

"ரோட்டுப் பக்கம் அவங்களுக்கு," என்றேன்.

"ரோட்டுப் பக்கந்தான பாறை. இந்தப் பக்கம் மழை பேஞ்சா தண்ணி நிக்குமே."

வூட்டுக்காரர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். பெண்கள் நடந்தார்கள். நானும் கூடவே நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கல்பனா என் பக்கத்தில் வந்து, "காகிதத்துல வந்துருச்சில்ல அத்தை, அது பெருசுதான்" என்றாள். பின்னால் யாரோ, "காகிதத்தையா காயப் போடுவ?" என்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

சுண்ணாம்புக் கோடு

ஒரு வாரத்துக்குள் சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்து அளந்தார். அந்தக் கோட்டில் சுண்ணாம்பு தூவினார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். பாறையில் கடப்பாரை படும் சத்தம் என் வூடு வரைக்கும் கேட்டது. கோவிந்தன் வந்து நின்று பார்த்தார். என்னைக் கண்டதும் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது.

மறுநாள் காலையில் எங்கள் பெண்கள் தார்ப்பாயோடு வந்தார்கள். பழைய இடம் யாருக்கும் இல்லை. முதலில் வந்தவர்கள் கோட்டை ஒட்டிப் போட்டார்கள். அடுத்தவர்கள் அதை ஒட்டி. ஓரத்தை மடித்தார்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இழுத்துப் போட்டார்கள். ஒருத்தி தன் தார்ப்பாயை நாலாக மடித்து விரித்தாள். சத்தம் இல்லை. சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் தேவலை.

பள்ளத்தில் முந்தின வாரத்து மழைத் தண்ணி இன்னும் கொஞ்சம் நின்றது. அதற்குப் பக்கத்தில் யாரும் போகவில்லை.

பச்சியம்மா கடைசியில் வந்தாள். நீலத் தார்ப்பாயைச் சுருட்டி இடுப்பில் வைத்திருந்தாள். நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னாலும் ஆள்கள் நின்றார்கள்.

"எண்ணு," என்றாள் என்னிடம். "நீதான கவுன்சிலரு."

எண்ணினேன். விரித்த தார்ப்பாய்களை இந்தக் கோடியிலிருந்து எண்ணினேன். தப்பாக இருக்கும் என்று அந்தக் கோடியிலிருந்தும் எண்ணினேன்.

இருபத்திமூன்று.